தேயாத தோள்

நிலைய நாள் 212, 07:10
செவ்வாய்க் கிரகத் தளம். மருத்துவர் குழலி எழுதுகிறேன். ஆக்ஸிஜன் சரி, தண்ணீர் சரி. இங்கே இருப்பது இரண்டே பேர், நானும் மெக்கானிக் பூவலிங்கமும். இருவருக்கும் தோள்வலி. இளவயதில் கபடி ஆடும்போது அவருக்கு வலது தோள் மூன்று முறை நழுவியது. எனக்கு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது தோள் உடைந்தது. அன்று பட்ட அடிதான் இத்தனை வருஷம் கழித்து மூட்டுத் தேய்மானமாக வந்து படுத்துகிறது. காலையில் அவர் ஜன்னல் வழியே சூரியனைக் கும்பிடும்போது இடது கை தலைக்கு மேல் போகும், வலது கை காதோடு நின்றுவிடும். டிராபிக் போலீஸ் என்று கேலி செய்வேன்.

நாள் 213, 18:40
ஆண்டெனாவைச் சரிசெய்ய வண்டியில் போனவர் புழுதிப்புயலில் சிக்கிக்கொண்டார். ரேடியோவில் பதில் இல்லை. பயமாக இருக்கிறது.

நாள் 214, 06:30
நடந்தே வந்துவிட்டார்! வண்டி பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டதாம். கதவைத் திறந்துவிட்டு அழுதே விட்டேன்.

07:15
கும்பிட்டார். இரண்டு கைகளும் தலைக்கு மேல் போய்க் குவிந்தன.

08:50
எக்ஸ்ரே எடுத்தேன். சிரித்துக்கொண்டே நின்றார். போன மாதப் படத்தில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. இன்றைய படத்தில் இருப்பது இருபது வயதுக்காரனின் மூட்டு. மருத்துவ அறையைப் பூட்டிக்கொண்டேன். இனி 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. இன்டர்காமில் குரல்:
"டாக்டரம்மா, ஏன் கதவச் சாத்திட்டீக? நோவு போனா சந்தோஷப்பட வேண்டாமா?"
தேய்ந்த மூட்டு ஒரே ராத்திரியில் வளராது என்று கத்தித் தொலைத்தேன். இன்டர்காம் அணைந்தது.

09:20
வெளியிலிருந்து ரேடியோ.
"டாக்டரம்மா, பூவலிங்கம் பேசுறேன். கவுந்த வண்டிக்குள்ள கெடக்கேன். வலது கையத் தூக்கவே முடியல. உசிரு போகுது. வாங்கம்மா."
நான் கேட்க விரும்பியதையே இந்தக் குரல் சொல்கிறது. அதுவும் தோள்தான் காட்டிக்கொடுத்தது என்று நான் உளறிய பிறகு. சந்தேகம் குடைகிறது. ஆனால் நிஜமாகவே அவர்தான் என்றால்? வண்டியில் மதியம்வரைதான் காற்று. விட்டுவிட என்னால் முடியாது. அவசரக் கதவு வழியாகப் போகிறேன்.
அடுத்த கப்பலில் வருபவர்களே, எங்களை நம்புவதற்கு முன் தோளை எக்ஸ்ரே எடுங்கள். அவருக்கு வலது. எனக்கு இடது.

நாள் 215, 07:10
ஆக்ஸிஜன் சரி, தண்ணீர் சரி. முந்தைய குறிப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம், களைப்பில் எழுதியவை. இன்று பூவலிங்கமும் நானும் சேர்ந்து சூரியனைக் கும்பிட்டோம், நான்கு கைகளும் தலைக்கு மேலே. வலியே இல்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். உள்கதவு, வெளிக்கதவு இரண்டையும் நேற்றிலிருந்து திறந்தே வைத்திருக்கிறோம்.