முரண் எங்கே என்று கேட்டேன், அக்கா

என் பிரியமான அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. கல்லூரியிலிருந்து வந்து கதவைத் திறந்தால், "சாப்டியா?" என்று கேட்க இப்போது ஒரு போனும் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒன்று நடந்தது. உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காரியம் முடிந்த அன்று அத்தான் உன் நோட்டை என்னிடம் கொடுத்தார். அதில் ஒரே ஒரு கதை. நிலக்கோட்டையிலிருந்து ஒருத்தி மல்லிகைப் பூவும் சோற்று டப்பாவுமாகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாள். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். மூன்று வருடத்துக்கு முன் இதை நீ காட்டியபோது, 'முரண் எங்கே?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்.

"ஒண்ணுமே நடக்கலையேக்கா, இது எப்படிக் கதையாகும்?"

"நீ டீச்சரு, ஒனக்குத்தான் தெரியும்" என்று சிரித்தாய். அப்புறம் நீ எழுதவே இல்லை.

செவ்வாயன்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சிறுகதையின் கூறுகள் நடத்தினேன். கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, முரண். முரணில்லாத கதைக்கு எடுத்துக்காட்டாக உன் கதையைப் படித்தேன். ஆமாம் அக்கா, அதற்குத்தான் எடுத்துப்போனேன்.

ஜெனிட்டா என்றொரு மாணவி எழுந்தாள். "மிஸ், அவ ஊரு பஸ்ஸு நாலு போகுது, ஏறமாட்டேங்குறா. யாரோ வாரேன்னு சொல்லிட்டு வரல மிஸ்."

"போன் போட்டுக் கேக்கலாம்ல?" என்றேன்.

"கேட்டா, இனிமே வாரேன்னுகூடச் சொல்லமாட்டாங்களோன்னு பயம். கேக்கணும்னும் இருக்கு, கேக்கவும் முடியல. அதுதான மிஸ் முரண்?"

விடைத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டதென்று நான் வராமல் போன அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. 'வாரேன்க்கா, பஸ் ஸ்டாண்டுலயே இரு' என்று சொன்னவள் நான்தானே? எத்தனை மணிவரை இருந்தாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

"எழுதுனது எங்கக்கா. வராமப் போனது நான்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "ஸாரி மிஸ்" என்றாள் ஜெனிட்டா. அவள் எதற்கு ஸாரி சொல்ல வேண்டும்?

நேற்று அத்தானிடம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போனில் சொன்னேன். அவர் மெதுவாக, "நெசமாவே வாரியாம்மா?" என்று கேட்டார்.

நிச்சயமாகப் போவேன் அக்கா. முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
பிந்திப் புறப்படும் உன் தங்கச்சி