ஏழு பேருக்குக் கைவலி

பிப்ரவரி 27

ஆற்றின் இரு கரைகளுக்கும் நடக்கும் பத்தொன்பது வருடச் சண்டைக்கு, அனுமதி அலுவலக எழுத்தராக இன்றைய என் பங்களிப்பு நாற்பத்திரண்டு மறுப்புக் கடிதங்கள். "பாதுகாப்புக் காரணங்களால் பாலத்தைக் கடக்க அனுமதி இல்லை." கையால்தான் எழுத வேண்டுமாம், அதுதான் மரியாதையாம். கடைசிக் கடிதம் அக்கரையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு. போன், தபால் எல்லாம் துண்டிப்பு. அனுமதி விண்ணப்பமும் அதற்கான அரசாங்கக் கடிதமும் மட்டும் போய்வரும். அவள் மாதம் தவறாமல் விண்ணப்பிக்கிறாள், நான் மாதம் தவறாமல் மறுக்கிறேன். உடன்பிறப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

மார்ச் 9

ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் எங்கள் விதிப் புத்தகத்தைப் படித்துத் தொலைத்துவிட்டார். நாங்களே படித்ததில்லை. மறுப்புக் கடிதம் கைக்கு வரும்வரை விண்ணப்பித்தவரை வரிசையிலிருந்து விரட்டக் கூடாதாம். அறுநூறு பேர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பாலத்தின் மேலேயே பாய் விரித்துவிட்டார்கள். அக்கரை முனையிலும் அதே கதை. ராணுவ லாரிகள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பின.

மார்ச் 11

அதிகாரி தவியாய்த் தவிக்கிறார், பாவம்.

"ஒருத்தன்கூட கல்லு எறியலையாம்மா?"

"இல்ல சார்."

"திட்டவாவது செஞ்சாங்களா?"

"சாப்டீங்களான்னு கேட்டாங்க சார்."

அறிக்கையில் 'எதிரியின் ஆயுதம்' என்ற கட்டத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, 'பாய்' என்று எழுதினார்.

மார்ச் 12

தடியடி. நர்சம்மாவுக்கு மண்டை உடைந்தது. தனக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தார். யாரும் கை ஓங்கவில்லை. நான்? ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதானே இருந்தேன் — பேனா புடிச்ச கைக்கு நோகவே இல்லையாக்கும்.

மார்ச் 13

அறுநூறு மறுப்பும் மாலைக்குள் வேண்டுமாம். பிறகு சட்டப்படி விரட்டலாமாம். எனக்குக் கொடுத்த விண்ணப்பக் கட்டின் மேலேயே, அக்கரையிலிருந்து வந்த அக்காவின் இந்த மாத விண்ணப்பம். பேனாவை மூடினேன்.

"கை வலிக்குது சார்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். வலிக்குது."

பக்கத்து மேஜைக்காரரும் பேனாவை மூடினார்.

மார்ச் 14

எழுத்தர்கள் ஏழு பேருக்கும் கைவலி. மருத்துவ உலகம் கவனிக்க.

ஏப்ரல் 2

கடிதமும் போகவில்லை, கூட்டமும் போகவில்லை, லாரியும் போகவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு பக்கத்துத் தலைவர்களும் பேச உட்கார்ந்திருக்கிறார்கள். 'எங்கள் பெருந்தன்மை' என்று இருவருமே அறிக்கை விட்டார்கள். ஆமாமாம்.

மே 6

பாலம் திறந்தது. அக்கா நேராக என் மேஜைக்கு வந்து பையிலிருந்த கடிதக் கட்டை எடுத்து வைத்தாள். அத்தனையும் என் கையெழுத்து. மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.

"அனுமதி கெடைக்காதுன்னு எனக்குத் தெரியாதாடி? நீ நல்லா இருக்கியான்னு தெரிஞ்சுக்கத்தான் மாசாமாசம் எழுதிப் போட்டேன். மார்ச்சுல கடிதம் வரல. செத்துகித்துப் போயிட்டியோன்னு பாலத்துக்கு ஓடியாந்தேன். விட மாட்டேன்னாங்க. அங்கயே உக்காந்துட்டேன்."