கஸ்பாரின் வரியை நாளை வாங்க வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்
ஃபிலோமினா கிரிஸ்மன் (வயது 36),
தையல்காரி, தேவாலயத் தெரு,
உன்டர்பாக், டிரோல்.

பெறுநர்
மாண்புமிகு நகராட்சித் தலைவர் அவர்கள்,
உன்டர்பாக்.

பொருள்: கஸ்பார் லெட்னர் நாளை முன்கூட்டியே கட்ட வரும் வரியை ஏற்க மறுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சிமெண்ட் ஆலை மூடி ஊரே முடங்கிக் கிடந்தபோது, தாங்கள் சொந்தமாக நோட்டு அச்சிட்டுச் சாலை வேலைக்குக் கூலி கொடுத்தீர்கள். மாதக் கடைசிக்குள் செலவழிக்காத நோட்டில், நூற்றில் ஒரு பங்கு விலைக்கு முத்திரை வாங்கி ஒட்டினால்தான் செல்லும் என்றீர்கள். வியன்னாக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த நன்றி எனக்கு உண்டு, குறை வேறு.

2. சாலை வேலை செய்யும் மேற்படி கஸ்பார் என்னை மணப்பதாக வாக்களித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கேட்டால், "கொஞ்சம் பொறு ஃபிலோமினா, நாலு காசு சேரட்டும்" என்பார். வைத்திருந்தால் தேய்கிற பணம் வந்ததும், சாக்கு ஒழிந்தது என்று மெழுகுவத்தி ஏற்றினேன். இப்போது, "காசு சேர்க்கவே விடமாட்டேங்கிறாங்களே, நான் என்ன பண்றது? தலைவரப் போய்க் கேளு!" என்கிறார். ஆகவே கேட்கிறேன்.

3. பத்து ஷில்லிங் நோட்டுக்குப் பத்துக் குரோஷன் சில்லறையை முத்திரைக்கு அழ மனமில்லாமல் மாதக் கடைசியில் அவர் படும் பாடு பார்க்கச் சகிக்கவில்லை. அக்டோபரில் அக்கார்டியன் வாங்கினார், வாசிக்கத் தெரியாது. டிசம்பரில் வலிக்காத பல்லைப் பிடுங்கிக்கொண்டார். சனவரி முதல் தங்களிடம் வரி கட்டுகிறார். நாய் வரி மட்டும் 1937 வரை கட்டியாயிற்று. நாய்க்கு இப்போதே வயது பதினான்கு. நகராட்சிக்கு நான்கு ஆண்டு முந்திக்கொள்ளும் மனிதர் எனக்கு ஒன்பது ஆண்டு பிந்தி நிற்கிறார்.

4. இம்முறை நான் சும்மா இருக்கவில்லை. விடுதிக்காரர் முதல் பல் மருத்துவர் வரை, இந்த மாதம் அவரிடம் நோட்டு வாங்குவதில்லை என ஒப்புக்கொண்டுள்ளனர். அவர்கள் மனைவியருக்கெல்லாம் துணி தைப்பவள் நான். பங்குத்தந்தை மட்டும் வாங்குவார், திருமண அறிவிப்புக் கட்டணமாக. கஸ்பார் கையெழுத்திட்டால் ஞாயிறு பூசையிலேயே முதல் அறிவிப்பு வாசிக்கப்படும். அவர் தப்பிக்க மிச்சமிருப்பது தங்கள் வரிச் சன்னல் ஒன்றே.

5. பூட்டி வைத்தால் பணம் தேயும் என்று ஊருக்கே புரியவைத்தவர் தாங்கள். என்னையும் கஸ்பார் ஒன்பது வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறார், ஐயா. மாதாமாதம் எனக்கும் குறைகிறது. அதற்கு ஒட்ட எந்த முத்திரையும் தங்கள் சன்னலில் விற்பதில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது.

ஆகையால், மாதக் கடைசி நாள் ஞாயிறு விடுமுறையாக இருக்க, நாளை சனிக்கிழமையே அவர் நோட்டுடன் வந்து நின்றால் சன்னலைச் சாத்திவிட்டு, தேவாலயம் எதிரில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: உன்டர்பாக்
நாள்: 28.4.1933

தங்கள் ஊர்க் குடிமகள்,
ஃபிலோமினா கிரிஸ்மன்

இணைப்பு: மனுக் கட்டணம், ஊர்நோட்டு ஒரு ஷில்லிங். இந்த மாத முத்திரை ஒட்டவில்லை. தங்களுக்கும் நாளை வரைதான் நேரம்.