அந்தோணியின் கேபிள்

14 நவம்பர் 1996, வியாழன்

அந்தோணியை இன்றோடு வேலையை விட்டு நிறுத்துவதென்று மானேஜர் முடிவு செய்துவிட்டார். அதை அவனிடம் சொல்லத்தான் அந்தக் கோழைக்கு வாய் வரவில்லை. அவன் சாப்பிடப் போன நேரம் என்னைக் கூப்பிட்டு, "அவன் மெஷின்ல நெட்வொர்க்க எடுத்துடு. அவனே புரிஞ்சுக்குவான்" என்றார்.

சர்வரோடு பேச அவன் மெஷினில் ஐபிஎக்ஸ், டிசிபி என்று இரண்டு வழிகள் உண்டு. போன மாதம் நான் போட்டுக் கொடுத்தவைதான். இரண்டையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன்.

அந்தோணி வந்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஆபீசில் நெட்வொர்க் போனால் யாரும் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவதில்லை. கேபிளைத்தான் கழற்றிச் செருகுவோம். அவனும் சலவைச் சட்டையோடு முட்டி போட்டு மேஜைக்கு அடியில் புகுந்தான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மானேஜர் நின்று பார்த்தார். விஷயம் தெரிந்த மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள்.

"மச்சான், இன்னா ஆச்சுன்னே தெர்ல. இப்போ வந்துச்சா பாரு."

திரையைப் பார்த்தேன். "இல்ல."

"இப்போ?"

சொல்லியிருக்கலாம். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

"இன்னும் நல்லா அழுத்து மாமே" என்றேன்.

அழுத்தினான்.