ஓடையோரத்துக் கீரை

அக்கா,

இன்று காலை ஓடையோரம் களைக்கொல்லி மருந்து அடித்தார்கள். மூடுபனியோடு சேர்ந்து அந்த நாற்றம் சன்னல் இடுக்கு வழியாக அடுப்படிக்குள் வந்துவிட்டது. நீங்கள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இன்னமும் எனக்கு முதலில் உங்கள்மேல் கோபம்தான் வருகிறது. அழுகையெல்லாம் அப்புறம்தான்.

அரவேணுப் பக்கத்து தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். உங்கள் அடுப்பில் கடுகு வெடித்தால் எனக்குக் கேட்கும். உங்களுக்குப் பெண்ணும் பையனுமாக இரண்டு, எனக்கு ஒரு பையன். சம்பளம் வந்ததும் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று போய்விடும். காய்கறிக்கு முறை வரும்போது கையை விரிக்க வேண்டியதுதான். நம் கண்ணெதிரே லாரி ஏறுகிற கேரட், மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, வாடி வதங்கி, விலை மட்டும் கூடி, மறுபடி மலையேறி நம் கடைக்கே வரும். "ஏனுங்க, ஊரு சுத்திப் பாத்துட்டு வந்த கேரட்டுங்களா இது? அதோட பஸ் சார்ஜையும் எங்க தலையிலயா கட்டறீங்க?" என்று கடைக்காரரைப் பிடித்துக்கொண்டீர்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். விலையை மட்டும் குறைக்கவில்லை.

"ரேஷன் அரிசியும் கருவாடும் தின்னு வளரவா பெத்தோம்? புள்ளைங்க தட்டுல தெனமும் பச்சையா ஒண்ணு இருக்கோணும்" என்பீர்கள். பிடிவாதமென்றால் அப்படியொரு பிடிவாதம்.

அந்தப் பச்சைக்கு நமக்கிருந்த ஒரே வழி, தேயிலைக்கு நடுவே தானாக முளைக்கும் மணத்தக்காளி. ஓடையோரத்தில் அது மதமதவென்று வளரும். ஆனால் லைனில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் அதே வழிதானே? கொஞ்சம் பிந்திப் போனால் வெறும் காம்புதான் நிற்கும். மருந்து அடித்த இடத்தில் மேஸ்திரி குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்; அங்கே ஒருத்தியும் கீரையில் கை வைக்க மாட்டாள். அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு அந்தப் புத்தி போயிற்று. பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து, மருந்தே அடிக்காத ஓடையோரத்தில் நீங்களாகவே ஒரு குச்சி நட்டுக் கட்டினீர்கள். எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். நாம் இரண்டு பேரும் மடி நிறையப் பறித்தோம். "நம்ம ரெண்டு ஊட்டுக்கு மட்டுந்தான். வெளிய வாயத் தொறந்தே, தொலச்சுப்போடுவேன்" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

அந்த வாரம் நான் அம்மா வீட்டுக்குக் காரமடை போயிருந்தேன். உங்கள் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று நீங்களும் லீவு. அதனால், காலையில் பேர் கொடுக்கிற இடத்தில் மேஸ்திரி சொன்னது உங்கள் காதில் விழவில்லை. அன்றைக்கு நிஜமாகவே ஓடையோரத்தில்தான் மருந்து. தண்ணீர் பக்கத்தில் இருந்ததால் மருந்தைக் கலக்கியதும் அங்கேதான், சிந்தியதும் அங்கேதான். முடித்துவிட்டுச் சிவப்புத் துணியும் கட்டிவிட்டுப் போனார்கள். பிறகு தூறல் போட்டதில் நாற்றமும் அடங்கிவிட்டது. சாயங்காலம் கீரைக்குப் போன நீங்கள் துணியைப் பார்த்தீர்கள். நாம் கட்டினதுதானே என்று நினைத்துக்கொண்டீர்கள்.

தகவல் தெரிந்து நான் குன்னூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உங்கள் வாயெல்லாம் புண். ஒவ்வொரு சொல்லாகத்தான் சொன்னீர்கள். "புள்ளைங்க ரெண்டும் கசக்குதுன்னு தள்ளி வெச்சுட்டுதுங்க. மணத்தக்காளி கசக்கத்தானே செய்யும்? நாந்தான் எல்லாத்தையும் வழிச்சுத் தின்னேன். கொட்ட மனசு வரல." அந்த வாரம் முடிவதற்குள் உங்களைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கொட்டித் தொலைத்தால்தான் என்ன, அக்கா? கீரைதானே? பிள்ளைகள் மிச்சம் வைத்ததையெல்லாம் தின்று தீர்க்க வேண்டும் என்று யார் அழுதார்கள்?

அன்றைக்கே எஸ்டேட் ஆபீஸில் போய் நியாயம் கேட்டு நின்றோம். "துணி கட்டித்தானே இருந்துச்சு? தெரிஞ்சே போனா நாங்க என்ன பண்றது?" என்றார்கள். நீங்கள் செய்த தந்திரத்தை அப்போதுதான் வெளியே சொன்னேன். ஆபீஸ் அசையவில்லை. லைன்தான் அசைந்தது. உங்களை வாசலில் கிடத்தியிருக்கும்போதே ஒருத்தி, "நம்ம புள்ளைங்க வாயிலிருந்து புடுங்கித் தின்னாளே, நல்லா வேணும்" என்றாள். அவளுக்கும் வீட்டில் சின்னஞ்சிறுசுகள் இருந்தன. அவளைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. மற்றவர்கள் நான் சொன்னதை நம்பவே இல்லை. எஸ்டேட்டில் ஒருத்தி மருந்தால் செத்தாள் என்றால் குடித்துத்தான் செத்தாள் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உங்கள் பெண்ணிடம், "உங்கம்மா உங்கள வேண்டான்னு மருந்தக் குடிச்சுட்டுப் போயிருச்சு" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள்.

பலமுறை அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்திருக்கிறேன். சொன்னால், அவள் தள்ளிய தட்டை வழித்துத் தின்றுதான் நீங்கள் செத்தீர்கள் என்பதில் போய் முடியும். சொல்லாவிட்டால், அம்மா தன்னை வேண்டாமென்று போய்விட்டாள் என்றே இருப்பாள். பாவி, எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளைக்கு அடி விழுகிற மாதிரி செய்துவிட்டுப் போனீர்கள்.

இன்று அந்த நாற்றம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். பத்து வயதாகிறது. முகம் அப்படியே நீங்கள்தான்.

"சித்தி, எங்கம்மா குடிச்சது இந்த மருந்துதானுங்களா?"

இதற்குமேல் தாங்க முடியவில்லை. "குடிக்கல கண்ணு. கீரையில மருந்து பட்டிருந்துச்சு. அது தெரியாம தின்னுருச்சு. உங்கள விட்டுட்டுப் போகோணும்னு உங்கம்மா நெனைக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யோசித்தாள்.

"அப்ப எங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகலைங்க?"

"அன்னிக்கு உங்களுக்குக் கீரையே போடலையே. வெறும் ரசஞ்சோறுதான்" என்றேன், சட்டென்று.

"போட்டுச்சுங்க சித்தி. நாந்தான் கசக்குதுன்னு தட்டத் தள்ளுனேன். என்னையப் பாத்துட்டுத் தம்பியும் தள்ளுனான்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இழுத்துக் கட்டிக்கொண்டேன், வேறென்ன செய்ய? ஐந்து வருஷமாக நான் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்ததில் பாதியை, அக்கா, இன்றைக்கு உங்கள் மகள் தலையில் ஏற்றிவிட்டேன்.