நீ இயற்கை எய்தவில்லை

இன்று காலை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஒரு ரொட்டிப் பாக்கெட் வாங்கினேன். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்; என் தொப்பை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாக்கெட் ஓரத்தில் ‘எக்ஸ்பயரி’ எந்தத் தேதி என்று தேடினேன். அந்தச் சொல் கண்ணில் பட்டதும் வந்த கோபத்தில் ரொட்டி நசுங்கி உருண்டையாகிவிட்டது.

“இன்னா சார், இன்னும் ரெண்டு நாள் கீதே? அதுக்குள்ள ஏன் அத்தப் போட்டுப் பிழியறீங்க?” என்றார் கடைக்காரர்.

அவரிடம் என்ன சொல்வது? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

வட்டம் எனக்கு போன் பண்ணிச் சொன்ன சொல் அது. பதவியிலும் வட்டச் செயலாளர், வயிற்றிலும் வட்டம் என்பதால் நாம் இருவரும் ரகசியமாகச் சூட்டிய பெயர். “யோவ், திண்டிவனத்துல உன் ஃப்ரெண்டு எக்ஸ்பயர் ஆயிட்டாம்பா. ஜல்தி வா” என்றார். எக்ஸ்பயர் ஆக நீ என்ன இருமல் மருந்தா?

ஆங்கிலத்தில் கோட்டை விட்டுவிட்டு நாம் இருவரும் திண்டிவனத்து டுடோரியலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ‘டை’ என்ற சின்ன வினைச்சொல்லுக்கு வாத்தியார் பலகை நிறைய மாற்றுச் சொற்கள் எழுதினார். எக்ஸ்பயர், பெரிஷ், பாஸ் அவே. பக்கெட்டை உதைத்தாலும் அதே அர்த்தம்தான் என்றார். நீ எழுந்து, “யாரு வூட்டு பக்கெட்டு சார்?” என்று கேட்டாய். இருவரையும் வெளியே நிறுத்தினார். எனக்கு எதற்குத் தண்டனை என்று இன்றுவரை விளங்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்ததற்காக இருக்கும்.

அந்தப் பாடம்தான் பிற்பாடு நமக்குச் சோறு போட்டது. நீ திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் கடை போட்டாய். படம் உன் வேலை, வாசகம் என் வேலை. ஊரில் என்னை எழுத்தாளர் என்றார்கள். எழுதியதில் முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலி. அந்த வாத்தியாரையே மிஞ்சினோம். நிலபுலம் உள்ளவர் இறைவனடி சேர்ந்தார். சாமி கும்பிடாதவர் இயற்கை எய்தினார். தேவாலயத்துக்குப் போகிறவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெரிய மனிதர்கள் மறைந்தார்கள்.

“செத்தாருன்னு எவனாவது போடச் சொல்றானா பாரு,” என்பாய். “அந்த வார்த்த மாட்டுக்கும் கூலிக்காரனுக்கும்தான்டா.”

கோலியனூரிலிருந்து ஒரு அண்ணனும் தம்பியும் வந்தார்களே, நினைவிருக்கிறதா? தன் படம்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று இருவரும் அடித்துக்கொண்டதில் செத்துப்போன அப்பாவுக்கு இடமில்லாமல் போய்விட்டது. “அப்பா படம் சின்னதா இருந்தா இன்னாங்க, அவரா வந்து பாக்கப் போறாரு?” என்றார் அண்ணன். நீ மவுசிலிருந்து கையை எடுக்காமல், “பூட்டது நீங்க ரெண்டு பேருன்னு ஊரு நெனச்சிக்கும், பரவால்லியா?” என்றாய். அப்பா உடனே பெரிதானார்.

அதையெல்லாம் நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

வட்டம் போன் பண்ணிய அன்று சாயங்காலம் நடந்ததைக் கூட்டுரோட்டு டீக்கடை அக்கா எனக்குச் சொன்னார். மறுநாள் ஏதோ ஒரு தலைவர் அந்த வழியாகப் போகிறார் என்று வட்டம் உன்னை வரவேற்பு ஃப்ளெக்ஸ் மாட்டிய இரும்புச் சட்டத்தோடு கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார். “காத்து பேயா அடிக்குதுங்க. கரண்டு கம்பி வேற பக்கத்துல கீது. விடியட்டும், கட்டிடறேன்,” என்று நீ சொல்லியிருக்கிறாய். “விடிஞ்சா தலைவரே வந்துடுவாருய்யா. பேஜாரு பண்ணாத, ஏறு,” என்றிருக்கிறார் அவர். ஏறினாய். காற்று சட்டத்தைத் திருப்பிக் கம்பியில் சாய்த்தது.

மறுநாள் அதே இடத்தில் உனக்கு அஞ்சலி. வேறு கடையில் அச்சடித்தது. வட்டம் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார். அவர் முழங்கைக்குக் கீழே தபால்தலை அளவில் உன் முகம். ‘இயற்கை எய்தினார்.’ எந்த இயற்கையடா அது? உயர் அழுத்த இயற்கையா? அதோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. “குடிச்சிட்டு ஏறினான், நான் இன்னா பண்றது?” என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை நானே தள்ளாடியபோது, பன்னீர் சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டவன் நீ!

காரியத்துக்கு முன்பு உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். “அண்ணே, நம்ம மெஷின்லயே ஒண்ணு அடிக்கணும். குடிகாரர்னு பேசிக்கினு போறாங்க. எப்படிப் பூட்டாருன்னு உள்ளத எழுது.”

என் கை பழக்கதோஷத்தில் ‘அமரரானார்’ என்று எழுதி, சுற்றிலும் பூவேலை வேறு போட்டது. தங்கச்சி வாங்கிப் படித்தாள். “யாருண்ணே இது? எங்க வூட்டுக்காரரு மாதிரி தெரியலையே?”

கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ‘காற்றடிக்கிறது, வேண்டாம் என்றார். ஏறு என்றார்கள். மின்கம்பி பட்டுச் செத்தார். அவர் குடிப்பவர் அல்ல.’ ஏறச் சொன்னவரின் பேரையும் பதவியையும் போடச் சொன்னாள். போட்டேன்.

மெஷினிலிருந்து பாதி வெளியே வருவதற்குள் வட்டத்துக்குச் செய்தி போய், ஆளே வந்துவிட்டார். “யம்மா, பேரெல்லாம் எதுக்கு? செத்தாருன்னு வேற போட்டுக்கினு, அசிங்கமா இல்ல? மறைந்தார்னு போடு, நாகரிகமா இருக்கும்.”

அவள் மெஷினை நிறுத்தவில்லை. “ஏறுன்னு சொன்னது நீங்க. செத்தது அவரு. இதுல எது பொய்யின்னு சொல்லுங்க, அத்த எடுத்துடறேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “யோவ் எழுத்தாளரு, நீயாவது சொல்லுய்யா!”

“எழுத்துப்பிழை எதுனா இருந்தா சொல்லுங்க, திருத்திடலாம்,” என்றேன். மேசையைச் சுற்றி அவர் பக்கம் மட்டும் நான் போகவில்லை.

“இத்த யாரு கட்டறாங்கன்னு பாக்குறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களே கட்டினோம். கூட்டுரோட்டு டீக்கடைச் சுவரில், யாரும் எதிலும் ஏறத் தேவையில்லாத உயரத்தில். நான் போட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டதால் டீக்கடை அக்கா திட்டிக்கொண்டே திரும்பக் கட்டினார். நின்று படித்தவர்களிடமெல்லாம், “நான் கண்ணால பாத்தேன். அந்தத் தம்பி மாட்டேன்னுதான் சொல்லிச்சு,” என்றார். யாரோ அதைக் கிழித்தார்கள். உன் மனைவி மறுபடி அடித்தாள். மறுபடி கிழித்தார்கள். மறுபடி அடித்தாள். கிழித்தவர்களுக்கு அலுத்துவிட்டது. குடிகாரன் என்ற பேச்சும் அடங்கியது. ஆனால் வட்டத்தின் வேட்டியில் ஒரு கறைகூடப் படவில்லை. அடுத்த வரவேற்புக்கு வேறொருவனை ஏற்றிவிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு மாத்திரைக்கும் அடங்கவில்லை.

கடையை இப்போது உன் மனைவி நடத்துகிறாள். வாசகத்துக்கு நான்தான். நேற்று கண்டாச்சிபுரத்திலிருந்து ஒருவர் வந்து, “அப்பாவுக்கு, இயற்கை எய்தினார்னு போட்ருங்க சார்,” என்றார்.

“ஏறச் சொன்னது யாரு?” என்று கேட்டுவிட்டேன்.

பாவம், மனிதர் மிரண்டுபோனார். “யாரும் எங்கயும் ஏறச் சொல்லலீங்க. தொண்ணூறு வயசு. கேப்பைக் கூழு குடிச்சிட்டுப் படுத்தாரு, தூக்கத்துலயே பூட்டாரு.”

அதன் பிறகுதான் பேனாவைத் திறந்தேன். விசாரிக்காமல் அந்தச் சொல்லை இனி நான் யாருக்கும் கொடுப்பதில்லை.