சட்டை வாலும் ஈயக் குண்டும்

உன் அண்ணன் வீட்டு சோஃபாவில் முறைத்துக்கொண்டு படுத்திருக்கும் என் வீட்டுக்காரனுக்கு,

நீ வாய்வழியாகக் குண்டு கெட்டித்தபடியே விட்டுப்போன பழங்காலத் துப்பாக்கியோடு எத்தனை நாள் ஒரே வீட்டில் இருப்பது?

"பொறி தட்டுச்சு, வெடிமருந்து பத்திக்கல, மான் என்னைப் பாத்துக்கிட்டே நடந்துபோச்சு. வாஷிங் மெஷின் பக்கத்துல வெச்சு மருந்தை நனைச்சது நீதான்!" என்று கத்தினாயே. மானைத் தவறவிட்டவனின் சட்டை வாலை, அதாவது பின்பக்கத் தொங்கலை, வெட்டி வேட்டைக் குடிசைச் சுவரில் அடிப்பது வழக்கம்தான். அந்தத் துணியில் "பொண்டாட்டி உபயம்" என்று எழுதச் சொன்னாயாமே! உன் வேட்டைக் கூட்டாளி லாயிட்டின் மனைவி சர்ச்சில் பாதி பென்சில்வேனியாவுக்கும் சொல்லிச் சிரித்துவிட்டாள்.

இன்று துப்பாக்கிக் குழாய்க்குள் முனையில் திருகு வைத்த கோலை விட்டுக் குண்டை நானே இழுத்தெடுத்தேன். குண்டு வந்தது, அதைச் சுற்றிய துணி வந்தது. அதற்குக் கீழே, முதலில் போட வேண்டிய மருந்து இல்லை. நனைந்த மருந்தும் இல்லை, காய்ந்த மருந்தும் இல்லை. நீ போடவே இல்லை, மகராசா!

துப்பாக்கியைச் சோப்பு வெந்நீரில் கழுவி, எண்ணெய் போட்டு மாட்டிவிட்டேன். குண்டு சமையலறை ஜன்னலில், உன் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முன்னால் வீடு வந்து சேர். அங்கே லாயிட் மனைவி என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

இப்படிக்கு,
மருந்தை நனைக்காதவள்